நோக்கியா ஏன் விழுந்தது: ஆளுக்கொரு காரணம்

நோக்கியா பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு கதை உங்களுக்கும் வந்திருக்கும். கம்பெனியை மைக்ரோசாஃப்டுக்கு விற்கும் கூட்டத்தில், தாங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை, ஆனாலும் எப்படியோ தோற்றுவிட்டோம் என்று சொல்லி அதன் தலைவர் அழுதாராம். கூட இருந்த நிர்வாகிகளும் அழுதார்களாம். கடைசியில், மாறாதவன் அழிவான் என்று ஓர் அறிவுரை. 2013 செப்டம்பரில் ஃபின்லாந்தின் எஸ்போ நகரில் நடந்த அந்தச் செய்தியாளர் கூட்டத்தில் இப்படி யாரும் பேசியதாகப் பதிவு இல்லை. கதையில் அழுகிற ஸ்டீஃபன் ஈலாப் அன்று அழவேண்டிய நிலையிலும் இல்லை. விற்பனை முடிந்ததும் அவர் தன் பழைய கம்பெனியான மைக்ரோசாஃப்டுக்கே திரும்பப்போகிறார், கையில் 1.88 கோடி யூரோ வரப்போகிறது என்ற கணக்கு அதே மாதம் வெளியாகி, ஃபின்லாந்தில் பிரதமர் வரை கோபப்பட்டார்கள்.

நோக்கியாவைப் பற்றிப் பேச நம் ஊரில் எல்லோருக்கும் உரிமை உண்டு. 2003-ல் வந்த 1100, அந்த டார்ச் லைட் போன், உலகம் முழுக்க ஏறத்தாழ 25 கோடி விற்றது. அதைக் கையில் எடுத்துப் பார்க்காத குடும்பம் இங்கே குறைவு. ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் வேலை பார்த்தவர்களோ அவர்களுடைய சொந்தக்காரர்களோ வட மாவட்டங்களில் பல ஊர்களில் இருக்கிறார்கள். அதனால் இந்தக் கம்பெனி ஏன் விழுந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். தலைக்கனம் பிடித்துத் தூங்கிவிட்டார்கள் என்பார் ஒருவர். ஆண்ட்ராய்டுக்குப் போயிருந்தால் பிழைத்திருக்கும் என்பார் இன்னொருவர். மைக்ரோசாஃப்ட் ஆளை அனுப்பி உள்ளிருந்தே கவிழ்த்தது, வரி கேட்டு நம் அரசு விரட்டியது என்பவர்களும் உண்டு. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் என் கணிப்பில், ஆட்டம் 2011-க்கு முன்பே மென்பொருளில் தோற்றுப்போனது. நாம் அதிகம் வாதாடும் விஷயங்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகு நடந்தவை.

முதலில் தூக்கக் கதையைப் பார்க்கலாம். தொடுதிரை வரப்போகிறது என்று நோக்கியாவுக்குத் தெரியவில்லை என்பது உண்மைக்குப் பொருந்தாது. 2004 நவம்பரிலேயே 7710 என்ற தொடுதிரை போனை அறிவித்தார்கள். 2005-ல் 770 என்ற சின்ன டேப்லெட் லினக்ஸில் ஓடியது. ஆப்பிள் ஐபோனை மேடையில் காட்டியது 2007 ஜனவரியில். அதற்கு இரண்டு மாதம் கழித்து நோக்கியாவின் என்95 கடைக்கு வந்தபோது அதில் 5 மெகாபிக்ஸல் கேமரா, ஜிபிஎஸ், வைஃபை, 3ஜி எல்லாம் இருந்தன. முதல் ஐபோனில் 3ஜியும் இல்லை, ஜிபிஎஸ்ஸும் இல்லை, வீடியோகூட எடுக்க முடியாது. அந்த ஆண்டின் கடைசிக் காலாண்டில் உலகில் விற்ற போன்களில் நோக்கியாவின் பங்கு 40 சதவீதம். ஆராய்ச்சிக்கு அது செலவழித்த பணம் ஆப்பிள் செலவழித்ததைவிடப் பல மடங்கு. ஐபோனைப் பார்த்துச் சிரித்தவர் மைக்ரோசாஃப்டின் அப்போதைய தலைவர் ஸ்டீவ் பால்மர். 500 டாலருக்கு, கீபோர்டுகூட இல்லாத போனா என்று அவர் சிரித்த வீடியோ இன்றும் சுற்றுகிறது.

பிறகு எங்கே இடித்தது? சிம்பியனில். 1998-ல் சயான், நோக்கியா, எரிக்சன், மோட்டோரோலா நான்கும் சேர்ந்து தொடங்கிய கம்பெனியின் பெயர் அது; அவர்களுடைய இயங்குதளத்துக்கும் அதே பெயர்தான். அதன் வேர் சயான் தயாரித்த கையடக்க டிஜிட்டல் டைரிகளில் இருக்கிறது. அந்தச் சாதனங்களில் நினைவகம் மிகக் கொஞ்சம், பேட்டரி நாள்கணக்கில் தாங்கவேண்டும். அதனால் ஒவ்வொரு பைட்டையும் எண்ணிச் செலவழிக்கும்படி சிம்பியனைக் கட்டினார்கள். 1990-களுக்கு அது நல்ல பொறியியல். ஆனால் அதில் ஒரு சின்ன ஆப் எழுதவும் நிரல் எழுதுபவர் தனி சாஸ்திரமே படிக்கவேண்டும். ஒரு வரி எழுத்தைச் சேமித்து வைக்கக்கூட அதற்கென்று தனி விதிகள். நினைவகம் மலிவாகிப்போன பிறகும் அந்த விதிகள் போகவில்லை.

இன்னொன்று, நோக்கியாவின் எஸ்60 திரை அமைப்பு பட்டன்களை நம்பிப் பிறந்தது. மேலே கீழே நகர்ந்து, தேர்ந்தெடுத்து, அழுத்தவேண்டும். தொடுதிரை வந்தபோது அதே அமைப்பின்மேல் தொடுதலை ஒட்டவைத்தார்கள். 2008 கடைசியில் வந்த 5800 எக்ஸ்பிரஸ்மியூசிக் வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும்: பட்டியலில் ஒரு பெயரை ஒருமுறை தொட்டால் அது தேர்வாகும், இன்னொருமுறை தொட்டால்தான் திறக்கும், வேறு இடங்களில் ஒரே தொடுதலில் திறந்துவிடும். எங்கே எத்தனை முறை தொடவேண்டும் என்று பழகியே தெரிந்துகொள்ளவேண்டும். அடுத்த ஆண்டு ஐபோனுக்குப் பதிலடி என்று வந்த என்97-ல் நினைவகம் போதாமல் போன் திணறியது. அது பெரிய ஏமாற்றம்தான் என்று நோக்கியாவின் மூத்த நிர்வாகி ஆன்சி வான்யோகியே பின்னர் ஒப்புக்கொண்டார்.

மாற்று வழியும் கம்பெனிக்குள்ளேயே இருந்தது. மேமோ என்ற லினக்ஸ் தளத்தில் 2009-ல் என்900 வந்தது. ஆனால் சிம்பியன்காரர்களும் மேமோகாரர்களும் ஒரே பணத்துக்கும் ஒரே ஆட்களுக்கும் அடித்துக்கொண்டார்கள். 2010 பிப்ரவரியில் மேமோவை இன்டெலின் லினக்ஸ் தளமான மொப்ளினோடு சேர்த்து மீகோ என்று பெயர் வைத்தார்கள். ஓடிக்கொண்டிருந்த வேலையைப் பாதியில் நிறுத்தி, வேறொரு கம்பெனியோடு சேர்ந்து திரும்ப அடித்தளம் போடுவதற்கு அதைவிட மோசமான ஆண்டு கிடைத்திருக்காது.

இது ஏன் மேலே இருப்பவர்களுக்குத் தெரியவில்லை என்ற கேள்விக்கு இன்சியாட் கல்லூரியின் க்வி ஹுய், ஃபின்லாந்தின் டிமோ வூரி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பதில் தேடினார்கள். நோக்கியாவின் மேல்மட்ட, நடுமட்ட நிர்வாகிகள், பொறியாளர்கள், வெளி நிபுணர்கள் என்று 76 பேரிடம் பேசினார்கள். அவர்கள் கண்டது பயம். மேலே இருந்தவர்களுக்குப் போட்டிக் கம்பெனிகளையும் பங்குதாரர்களையும் பார்த்துப் பயம். நடுவில் இருந்தவர்களுக்கு மேலே இருந்தவர்களைப் பார்த்துப் பயம். எப்போது தயாராகும் என்று கேட்டால், முடியாது என்று சொன்னவர் திறமையில்லாதவராகத் தெரிவார். அதனால் முடியும் என்றார்கள். தேதிகள் தள்ளிக்கொண்டே போயின, மேலிடத்துக்கு நல்ல சேதி மட்டும் போனது. தலைக்கனம் என்று நாம் சொல்வதைவிட இது சாதாரணமான நோய். எந்த அலுவலகத்திலும் பார்க்கலாம்.

நம் மக்கள் சொல்லும் ஒரு காரணத்தை மேல்நாட்டு ஆய்வுகள் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. அது இரண்டு சிம். 2009-ல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்று இறங்கியதும் கட்டணப் போர் மூண்டது. ஒரு சிம்மில் பேசுவது மலிவு, இன்னொன்றில் எஸ்எம்எஸ் மலிவு, ஊருக்குப் போனால் மூன்றாவது கம்பெனிக்குத்தான் சிக்னல். நம்பரை மாற்றாமல் கம்பெனி மாறும் வசதி நாடு முழுக்க வந்ததே 2011 ஜனவரியில்தான். ஆளாளுக்கு இரண்டு சிம் வைத்திருந்தார்கள், ஆனால் நோக்கியா போனில் ஒன்றுதான் போடமுடியும். அந்த இடைவெளியில் மைக்ரோமேக்ஸ், கார்பன், லாவா என்று சீனாவில் தயாரித்து இங்கே பெயர் ஒட்டிய போன்கள் நுழைந்தன. மைக்ரோமேக்ஸின் முதல் வெற்றியே ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் 30 நாள் தாங்கும் என்று சொன்ன எக்ஸ்1ஐதான். மின்சாரம் நிச்சயமில்லாத ஊர்களைக் குறிவைத்த போன் அது. நோக்கியாவின் இரண்டு சிம் போன்கள் இங்கே ஓரளவு புழக்கத்துக்கு வந்தபோது 2011 பாதி ஆகியிருந்தது. ஐபோனும் ஆண்ட்ராய்டும் மேலிருந்து அடித்தன என்றால், கீழ்த்தட்டில் அடித்தவை இவை. இந்த விஷயத்தில் ஆய்வாளர்களைவிட செல்போன் கடைக்காரர்கள் சொன்னதுதான் சரி.

அப்புறம் ஈலாப். 2010 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டிலிருந்து வந்தார். நோக்கியாவின் ஃபின்லாந்துக்காரர் அல்லாத முதல் தலைவர், கனடாக்காரர். 2011 பிப்ரவரியில் ஊழியர்களுக்கு அவர் எழுதிய கடிதம் வெளியே கசிந்தது. நாம் கடல் நடுவே எரிகிற எண்ணெய்க் கிணற்று மேடையில் நிற்கிறோம், கடலில் குதிப்பதைத் தவிர வழியில்லை என்பது அதன் சாரம். போட்டியாளர்கள் தனித்தனி போன்களால் நம்மை அடிக்கவில்லை, ஆப், சேவை, தேடல், விளம்பரம் எல்லாம் சேர்ந்த முழு உலகத்தால் அடிக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தார். நோய் என்ன என்று பார்த்ததில் தப்பே இல்லை. மருந்து கொடுத்த விதம்தான் பிரச்சினை. பிப்ரவரி 11 அன்று, இனி நோக்கியாவின் ஸ்மார்ட்போன்களுக்கு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபோன்தான் முதன்மைத் தளம், சிம்பியன் படிப்படியாக நிறுத்தப்படும் என்று அறிவித்தார். விண்டோஸ் ஃபோனில் ஓடும் முதல் லூமியா போன் கடைக்கு வந்தது நவம்பரில். நடுவில் ஒன்பது மாதம்.

அந்த ஒன்பது மாதம் கடைக்காரர் எதை விற்பார்? போகப்போகிறது என்று கம்பெனியே சொல்லிவிட்ட போனையா? 2010 கடைசிக் காலாண்டில் 2.83 கோடி ஸ்மார்ட்போன் விற்ற நோக்கியா, 2011 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் 1.67 கோடிதான் விற்றது. சிம்பியன் எப்படியும் சரிந்திருக்கும், அது வேறு. இவ்வளவு வேகமாகச் சரிந்ததற்கு ஈலாப் பொறுப்பு.

அதற்காக அவரை மைக்ரோசாஃப்ட் அனுப்பிய உளவாளி என்று சொல்லலாமா? அறிவிப்புக்குச் சில நாள் கழித்து பார்சிலோனாவில் இதைக் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார், அவர் மறுத்தார். பின்னால் கம்பெனியை மைக்ரோசாஃப்டே வாங்கியதும், அவருக்குக் கிடைத்த பணமும் சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றின. நான் நம்பவில்லை. முடிவெடுத்தது இயக்குநர் குழு. 2011 தொடக்கத்தில் உள்ளே கணக்குப் பார்த்தபோது, 2014-க்குள் மீகோவில் மூன்றே மூன்று மாடல்கள்தான் கொண்டுவர முடியும் என்று தெரிந்தது. வருஷத்துக்குப் பல டஜன் மாடல் விட்டுப் பழகிய கம்பெனிக்கு அது சாவோலை. மைக்ரோசாஃப்டோ காலாண்டுக்கு 25 கோடி டாலர் கொடுக்கத் தயாராக இருந்தது. இந்த முடிவுக்கு வர உளவாளி தேவையில்லை. ஒன்று மட்டும் உறுத்துகிறது. மீகோவில் வந்த ஒரே போனான என்9, 2011-ல் எல்லோரும் பாராட்டிய போன். அதை அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி போன்ற பெரிய சந்தைகளில் விற்கவே இல்லை. அது நன்றாக ஓடினாலும் மீகோவுக்குத் திரும்பப்போவதில்லை என்று ஈலாப் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

சரி, ஆண்ட்ராய்டுக்குப் போயிருந்தால்? இந்தக் கேள்வியில்தான் மக்கள் கருத்து கிட்டத்தட்ட ஒரே குரலாக இருக்கிறது. கூகுளோடும் நோக்கியா பேசத்தான் செய்தது. போகாததற்கு ஈலாப் பிற்பாடு சொன்ன காரணம், ஆண்ட்ராய்டில் கடைசியில் ஒரே ஒரு கம்பெனிதான் மொத்தத்தையும் அள்ளும், நாம் தாமதமாக நுழைகிறோம் என்ற பயம். அந்தப் பயம் பலித்தது. 2012 தொடக்கத்தில் நோக்கியாவைத் தாண்டி சாம்சங் முதலிடம் போனது. ஆண்ட்ராய்டை நம்பிச் சீக்கிரமே போனவர்கள் என்ன ஆனார்கள்? உலகின் முதல் ஆண்ட்ராய்டு போனைச் செய்த எச்டிசி, 2017-ல் தன் பொறியாளர்களில் ஒரு பெரிய குழுவை 110 கோடி டாலருக்கு கூகுளிடம் விட்டது. மோட்டோரோலாவை 2012-ல் 1,250 கோடி டாலருக்கு வாங்கிய கூகுள், இரண்டே ஆண்டில் 291 கோடிக்கு லெனோவோவிடம் விற்றது. காப்புரிமைகளில் பெரும்பகுதியைத் தான் வைத்துக்கொண்டது என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும். எல்ஜி 2021-ல் போன் தொழிலையே மூடியது. இவர்கள் யாரும் ஆண்ட்ராய்டை மறுத்தவர்கள் இல்லை.

ஆக, ஆண்ட்ராய்டு நோக்கியாவைப் பழைய அரியணையில் உட்கார வைத்திருக்காது. ஆனால் மூன்றாவது, நான்காவது இடத்தில் கௌரவமாகப் பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது என்று நினைக்கிறேன். எச்டிசியிடம் இல்லாத இரண்டு விஷயங்கள் நோக்கியாவிடம் இருந்தன. ஒன்று, இந்தியா, ஆப்பிரிக்கா முழுக்க சின்ன ஊர்க் கடைவரை போகும் விநியோக வலை. இன்னொன்று கேமரா, 2012-லேயே 808 பியூர்வியூவில் 41 மெகாபிக்ஸல் வைத்தவர்கள். சாம்சங்கின் கேலக்ஸிக்கு அப்போது இங்கே இவ்வளவு பிடி இல்லை. 2014-ல் நோக்கியாவே எக்ஸ் என்ற பெயரில் ஆண்ட்ராய்டு போன் விட்டது. அதிலும் கூகுள் பிளே கிடையாது, மைக்ரோசாஃப்ட் சேவைகளைத்தான் திணித்திருந்தார்கள். ஆண்ட்ராய்டு வேண்டும் என்று கேட்டவர்கள் கேட்டது அதை இல்லை.

விண்டோஸ் ஃபோன் மோசமான தளமும் இல்லை. மலிவான லூமியா 520 இங்கே நன்றாகவே விற்றது. குறைந்த நினைவகத்திலும் வழுக்கிக்கொண்டு ஓடும். அதைக் கொன்றது ஆப் பஞ்சம். அதில் கூகுளுக்கும் பங்கு உண்டு. விண்டோஸ் ஃபோனுக்கு ஆப் செய்யும் திட்டமில்லை என்று கூகுள் 2012-லேயே சொல்லிவிட்டது. 2013 மே மாதம் மைக்ரோசாஃப்ட் தானே யூடியூப் ஆப் ஒன்றைச் செய்து வெளியிட்டது. அதில் விளம்பரம் வராது, வீடியோவை இறக்கியும் கொள்ளலாம். கூகுள் உடனே நீக்கச் சொன்னது. அதில் நியாயம் இருக்கிறது, விளம்பரம்தானே யூடியூபின் சாப்பாடு. ஆகஸ்டில் விளம்பரத்தோடு திருத்தி விட்டபோதும் கூகுள் முடக்கியது, இந்த முறை ஆப் எந்த முறையில் எழுதப்பட்டிருக்கிறது என்று காரணம் காட்டியது. மைக்ரோசாஃப்ட் இதைப் பெரிய அநியாயம் என்று புலம்பியபோது அனுதாபப்பட்டவர்கள் குறைவு. 1990-களில் விண்டோஸின் பலத்தை வைத்து நெட்ஸ்கேப் என்ற இணைய உலாவியை ஒழித்த கம்பெனி அது என்பதை யாரும் மறக்கவில்லை. ஆனால் அடி விழுந்தது லூமியா வாங்கியவர்கள்மேல். அவர்கள் விஷயத்தில் மைக்ரோசாஃப்டும் சும்மா இருக்கவில்லை: 2011-12-ல் விற்ற விண்டோஸ் ஃபோன் 7 சாதனங்கள் எதற்கும் அடுத்த பதிப்பான 8 கிடைக்காது என்று 2012 ஜூனில் அறிவித்தது. நம்பி முதலில் வந்தவர்களை இப்படித் தெருவில் விட்டபிறகு, யார் இரண்டாவது முறை வருவார்கள்?

நோக்கியாவின் போன் தொழிலுக்கும் காப்புரிமை உரிமத்துக்கும் சேர்த்து மைக்ரோசாஃப்ட் கொடுக்க ஒப்புக்கொண்ட விலை 544 கோடி யூரோ. ஒப்பந்தம் 2014 ஏப்ரலில் முடிந்தது. அதற்குள் பால்மர் போய் சத்யா நாதெல்லா வந்துவிட்டார்; தொடக்கத்தில் தான் இந்தக் கொள்முதலுக்கு எதிராக வாக்களித்ததாக அவர் பின்னாளில் எழுதினார். 2015 ஜூலையில் 760 கோடி டாலரை நஷ்டமாக எழுதித் தள்ளினார்கள். கிட்டத்தட்ட வாங்கிய விலை முழுவதும். 2016-ல் சாதாரண போன் தொழிலை 35 கோடி டாலருக்கு எச்எம்டி குளோபலுக்கும் ஃபாக்ஸ்கானின் கிளைக் கம்பெனிக்கும் விற்றார்கள். ஆனால் நோக்கியா என்ற கம்பெனி சாகவில்லை. கையில் வந்த பணத்தோடு தொலைத்தொடர்புக் கருவித் தொழிலைப் பிடித்துக்கொண்டது, 2016-ல் அல்காடெல்-லூசென்டை வாங்கியது, அதோடு புகழ்பெற்ற பெல் லேப்ஸும் வந்தது. ஜியோ, ஏர்டெல் 5ஜி கோபுரங்களில் இருக்கும் கருவிகளில் ஒரு பகுதி நோக்கியாவுடையது. விழுந்தது போன் பிரிவு.

ஸ்ரீபெரும்புதூர் கதையை இதோடு குழப்பிக்கொள்கிறோம். ஐபோன் வந்ததால் ஆலை மூடியது என்கிறார்கள் பாதிப் பேர், வரியால் மூடியது என்கிறார்கள் மீதிப் பேர். 2005-ல் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டு, 2006 தொடக்கத்தில் உற்பத்தி தொடங்கிய ஆலை அது. உச்சத்தில் நேரடியாக மட்டும் சுமார் 8,000 பேர், பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய பெண்கள். பல மாவட்டங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து ஷிஃப்ட் பார்த்தார்கள். 2013 ஜனவரியில் வருமான வரித் துறை உள்ளே வந்தது. போனில் ஏற்றும் மென்பொருளுக்காக இந்திய நோக்கியா ஃபின்லாந்துத் தாய்க் கம்பெனிக்குக் கொடுத்த பணம் ராயல்டி, அதற்கு டிடிஎஸ் பிடித்திருக்கவேண்டும் என்பது வாதம். கேட்ட தொகை சுமார் 2,080 கோடி ரூபாய். அடுத்து மாநில அரசு, ஏற்றுமதி என்று கணக்குக் காட்டிய போன்கள் உள்நாட்டில் விற்கப்பட்டதாகச் சொல்லி 2,400 கோடி வாட் வரி கேட்டது. சொத்துகள் முடக்கப்பட்டன. ஆலையை மைக்ரோசாஃப்டுக்கு மாற்றவேண்டுமானால் தாய்க் கம்பெனி 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் தரவேண்டும் என்ற நிபந்தனை வந்தது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அதைத் தளர்த்தவில்லை. ஏப்ரலில் உலகம் முழுக்க ஆலைகள் கைமாறியபோது ஸ்ரீபெரும்புதூர் மட்டும் விடுபட்டது. மைக்ரோசாஃப்டுக்குக் கூலிக்குத் தயாரித்துக் கொடுக்கும் ஆலையாகச் சில மாதம் ஓடி, ஆர்டர் நின்றதும் 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. பெரும்பாலான தொழிலாளர்கள் அதற்கு முன்பே விருப்ப ஓய்வுப் பணம் வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

வரிச் சண்டை இல்லாவிட்டால் ஆலை தப்பித்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை. எந்த வரி வழக்கும் இல்லாத ஹங்கேரியின் கொமாரோம் ஆலையையும் சீனாவின் ஆலைகளையும் மைக்ரோசாஃப்ட் அடுத்த ஓராண்டுக்குள் மூடியது. வேலையை வியட்நாமில் குவித்தது. ஆனால் வரி வழக்கு இல்லாமல் கைமாறியிருந்தால், மூடும் நேரத்தில் பணம் உள்ள ஒரு முதலாளியிடம் தொழிலாளர்கள் பேரம் பேசியிருக்கலாம். நடந்ததில், கைகழுவிய ஒரு கம்பெனிக்கும் வாங்காத இன்னொரு கம்பெனிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள்.

வருமான வரி வழக்கை 2018-ல் இரு நாட்டு அரசுகள் பேசி முடித்தன, நோக்கியா 20.2 கோடி யூரோ, அன்றைய மதிப்பில் சுமார் 1,600 கோடி ரூபாய் கட்டியது. மூடிக்கிடந்த வளாகத்தை சால்காம்ப் வாங்குகிறது என்று மத்திய அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் 2019 நவம்பரில் அறிவித்தார். அதே சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் முன்பு நோக்கியாவுக்கு சார்ஜர் செய்துகொடுத்த கம்பெனி அது. இப்போது ஆப்பிளுக்குச் செய்கிறது.